மூச்சுத் தசைகளை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூச்சு வாங்குகிறது என்று வருபவருக்கு நுரையீரலையும் இதயத்தையும் உடனே சோதித்துவிடுகிறோம். மூச்சை இழுக்கும் தசைகளையும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம், மருத்துவர்கள் உட்படப் பலருக்கும் தாமதமாகத்தான் வருகிறது. படுக்கையருகே சில நிமிடங்களில் செய்யக்கூடிய ஒரு ஸ்கேன் அந்தத் தாமதத்தைப் பெருமளவு குறைக்கும். நோயாளிகள், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தினர், இந்த ஸ்கேனைக் கற்கத் தொடங்கியிருக்கும் இளம் மருத்துவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகள் கீழே கலந்தே இருக்கின்றன.

நுரையீரல்தானே மூச்சு விடுகிறது? தசைக்கு அதில் என்ன வேலை?

நுரையீரல் தானாக விரிவதில்லை. கொல்லன் பட்டறைத் துருத்தியில் தோல்பை நுரையீரல் என்றால், அதை இழுக்கும் கை மூச்சுத் தசைகள். அவற்றில் முதன்மையானது உதரவிதானம். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே, குடை போலக் கவிந்திருக்கும் மெல்லிய தசைத்தகடு அது. சுருங்கும்போது கீழே இறங்குகிறது. மார்பின் உள்ளே இடம் பெருகி, காற்று உள்ளே வருகிறது. அமைதியாக இருக்கும்போது நாம் இழுக்கும் மூச்சின் பெரும்பகுதி இதன் உழைப்புதான். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் கழுத்துத் தசைகளும் தேவைப்படும்போது துணைக்கு வருகின்றன. இருமுவதற்கும் பலமாக மூச்சை வெளியே தள்ளுவதற்கும் வயிற்றுத் தசைகள் வேண்டும்.

உதரவிதானத்துக்குக் கட்டளை கொண்டுபோவது ஃபிரெனிக் நரம்பு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. வயிற்றுக்கு மேலே இருக்கும் தசைக்கு நரம்பு கழுத்திலிருந்து, தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் கழுத்துப் பகுதிகளிலிருந்து, இறங்கி வருகிறது. இவ்வளவு நீண்ட பாதை என்பதால் கழுத்திலோ மார்பிலோ வழியில் எங்கே அடிபட்டாலும் உதரவிதானம் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

எக்கோ, ஈ.சி.ஜி., மார்பு சி.டி. எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனாலும் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. மனப்பதற்றம் என்கிறார்கள். உண்மையாக இருக்குமா?

இருக்கலாம். ஆனால் மூச்சுத் தசையைச் சோதிக்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. படுத்த சில நொடிகளில் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தணிவது இருபக்க உதரவிதானப் பலவீனத்தின் முக்கிய அறிகுறி. நிற்கும்போது வயிற்று உறுப்புகளைப் புவியீர்ப்பு கீழே இழுத்து வைக்கிறது. படுத்ததும் அவை மேல்நோக்கித் தள்ள, பலவீனமான தசை தோற்றுவிடுகிறது. குளத்திலோ கிணற்றிலோ மார்பளவு நீரில் இறங்கினால் மூச்சு அடைப்பதும், குனிந்து செருப்பு வாரை மாட்டும்போது திணறுவதும் இதே காரணத்தால் வருபவை. நீச்சல் பழகியவர் ஒருவர் "தண்ணீரில் இறங்கவே முடியவில்லை" என்று சொன்னால் அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

நீங்களே கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு. மல்லாந்து படுத்து இயல்பாக மூச்சு இழுக்கும்போது வயிறு மேலே எழ வேண்டும். மார்பு உயரும்போது வயிறு உள்ளே குழிந்தால், அதை மருத்துவரிடம் அதே சொற்களில் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் செயலிழந்தால் ஓய்வாக இருக்கும்போது பலருக்கு எதுவும் தெரியாது. மாடிப்படி ஏறும்போதோ சுமை தூக்கும்போதோதான் குறை தெரியும். வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுபவர்களும் நிறைய.

எந்த நோய்களில் மூச்சுத் தசைகள் பலவீனமாகின்றன?

பட்டியல் நீளமானது. நம் மருத்துவமனைகளில் காண்பவற்றைச் சொல்கிறேன்.

நரம்பு காயப்படுவது ஒரு வகை. இதய அறுவை சிகிச்சையில் இதயத்தைக் குளிர்விக்கப் பயன்படும் பனிக்கட்டிக் கூழ் அருகில் ஓடும் ஃபிரெனிக் நரம்பைப் பாதிக்கலாம், பெரும்பாலும் இடப்பக்கம். கழுத்து, மார்பு அறுவை சிகிச்சைகள், கட்டிகள், கழுத்துத் தண்டுவடக் காயம் ஆகியவையும் காரணமாகலாம். தோள்பட்டை அறுவை சிகிச்சைக்காகக் கழுத்தில் மரத்துப்போகும் ஊசி போடும்போது அந்தப் பக்க உதரவிதானம் சில மணி நேரம் செயலிழப்பது சாதாரணம். மருந்தின் வேகம் குறைந்ததும் திரும்பிவிடும். சிலருக்குத் தோளில் கடும் வலி வந்து, சில நாட்களில் கை பலவீனமாகி, அதோடு உதரவிதானமும் நின்றுபோகும். நரம்பு அழற்சியால் வரும் இந்த நோயைத் தோள் தேய்மானம் என்று எண்ணி மாதக்கணக்கில் தைலம் தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

உடல் முழுவதும் பாதிக்கும் நோய்கள் மற்றொரு வகை. நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோயில் கால்களில் தொடங்கும் பலவீனம் மேலேறி மூச்சுத் தசைகளை எட்டினால் வென்டிலேட்டர் தேவைப்படும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்த நிலை வருகிறது. மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகச் சேராத நோய்), மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிதைவது), டூஷென் தசைச் சிதைவு, பாம்பே (Pompe) என்ற பரம்பரைத் தசை நோய் ஆகியவையும் இந்த வரிசையில் வருகின்றன.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வேலை பார்ப்பவர்கள் தனியாக நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று கட்டுவிரியன் கடி. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடிவாயில் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது. விடியும்போது இமைகள் தொங்கி, பேச்சு குழறி, பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். மற்றொன்று ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி நஞ்சு. முதல் கட்ட ஆபத்து நீங்கி நோயாளி தெளிந்து பேசும் நேரத்தில், அதாவது 24 முதல் 96 மணி நேரத்துக்குள், கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிடும். இந்த இடைநிலைப் பலவீனத்தை 1987இல் உலகுக்கு விவரித்தவர்கள் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரலியத்தவும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவது அதன் முன்னெச்சரிக்கை. அந்த நேரத்தில் மறுபடி மறுபடி உதரவிதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நோயாளி மூச்சு நின்றுபோகும் வரை காத்திருப்பதைவிட எவ்வளவோ மேல்.

எக்ஸ்ரேயில் "வலது உதரவிதானம் உயர்ந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறது. அதற்கு மேல் ஸ்கேன் எதற்கு?

எக்ஸ்ரே ஒரு நொடியின் படம். உயர்ந்திருப்பது தெரியும், அசைகிறதா என்பது தெரியாது. வலப்பக்கம் கல்லீரல் இருப்பதால் எல்லோருக்கும் அந்தப் பக்கம் சற்று உயரமாகவே இருக்கும். கல்லீரல் வீக்கம், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குவது, நுரையீரலுக்கு அடியில் நீர் தேங்குவது ஆகியவையும் அதே தோற்றத்தைத் தரும். இருபக்கமும் சேர்ந்து பலவீனமானால் ஒப்பிட நல்ல பக்கமே இல்லாததால், "நோயாளி ஆழமாக மூச்சு இழுக்கவில்லை" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். இந்த ஒரு வாக்கியத்தால் தவறிப்போன நோயறிதல்கள் ஏராளம்.

ஸ்கேன் எப்படி எடுக்கப்படுகிறது? வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் வயிறு புடைக்கச் சாப்பிட்டுவிட்டு வந்தால் உதரவிதானத்தின் அசைவும் குறையும், இடப்பக்கப் படமும் கெடும். இலகுவான உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்து வருவது நல்லது. மேல்சட்டையை விலக்க வேண்டியிருக்கும். பெண்கள் முன்பக்கம் திறக்கும் உடையில் வந்தால் வசதி. உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

இரண்டு இடங்களில் பார்க்கிறோம். முதலாவது, கடைசி விலா எலும்புகளுக்குக் கீழே வயிற்றின் மேற்பகுதியில். 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வளைந்த புரோபை (தோலில் வைக்கும் ஸ்கேன் முனை) வைத்து, வலப்பக்கம் கல்லீரல் வழியாகவும் இடப்பக்கம் மண்ணீரல் வழியாகவும் உதரவிதானத்தின் பின்பகுதியை நோக்குகிறோம். வெளிச்சமான வளைகோடாக அது தெரியும். ஒரே கோட்டின் அசைவைத் தொடர்ந்து வரையும் எம்-மோடுக்கு மாற்றினால் ஒவ்வொரு மூச்சும் திரையில் அலையாக ஏறி இறங்கும். அலையின் உயரமே அசைவின் அளவு.

இரண்டாவது, பக்கவாட்டில், அக்குளுக்கு நேர்கீழே 8 முதல் 10 வரையிலான விலா எலும்புகளுக்கு இடையில். அங்கே உதரவிதானம் விலாச்சுவரை ஒட்டியே மேலேறுகிறது. தோலிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் ஆழம்தான். அதிக அதிர்வெண் கொண்ட நேர்முனை புரோபில், இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கறுத்த பட்டையாகத் தசை தெரியும். மேல்கோடு நுரையீரல் உறை, கீழ்க்கோடு வயிற்று உறை. மூச்சை வெளியே விட்ட நிலையில் அந்தப் பட்டை எவ்வளவு தடிமன், இழுக்கும்போது எவ்வளவு தடிக்கிறது என்று அளக்கிறோம். சுருங்கும் தசை தடிக்கும்; தடிக்காத தசை உழைக்கவில்லை.

அமைதியாக மூச்சு விடச் சொல்வோம், பிறகு முடிந்தவரை ஆழமாக இழுக்கச் சொல்வோம், பிறகு வாயை மூடிக்கொண்டு மூக்கால் 'சட்'டென்று உறிஞ்சச் சொல்வோம். ஆழமாக இழுப்பதற்கு உங்கள் ஒத்துழைப்பு வேண்டும். அரைமனதோடு இழுத்தால் நல்ல தசையும் பலவீனமாகத் தோன்றும்.

வலிக்குமா? கதிர்வீச்சு உண்டா?

இரண்டும் இல்லை. ஜெல் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தயக்கமின்றி எடுக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம்.

ரிப்போர்ட்டில் இருக்கும் எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

மூன்று எண்கள் முக்கியம். அசைவு, தடிமன், தடிப்பு விகிதம்.

அசைவைப் பற்றிய அளவுகளுக்கு இன்றும் அதிகம் எடுத்தாளப்படுவது 2009இல் பிரான்சில் 210 ஆரோக்கியமானவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு. அமைதியான மூச்சில் சராசரி ஆண்களுக்கு 1.8 செ.மீ., பெண்களுக்கு 1.6 செ.மீ. ஆழ்ந்த மூச்சில் ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 5.7 செ.மீ. அமைதியான மூச்சில் ஏறக்குறைய 1 செ.மீ.க்குக் கீழே போனாலும், ஆழ்ந்த மூச்சில் ஆண்களுக்கு 4.7, பெண்களுக்கு 3.7 செ.மீ.க்குக் கீழே போனாலும் குறைவு என்று கொள்ளலாம். அந்த ஆய்வு நின்ற நிலையில் செய்யப்பட்டது. படுத்த நிலையில் அசைவு கூடுதலாக இருக்கும். எனவே எந்த நிலையில் எடுத்தார்கள் என்று எழுதாத ரிப்போர்ட்டின் எண்ணை வைத்துக்கொண்டு கவலைப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

தடிமனில், மூச்சை விட்ட நிலையில் ஏறக்குறைய 1.5 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மெலிவு என்று சந்தேகிக்கிறோம். ஆனால் ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். மெல்லிய உடல்வாகு கொண்டவருக்கு மெல்லிய உதரவிதானம் இருப்பது இயல்பு. நோயாளியின் இன்னொரு பக்கத்தோடு ஒப்பிடுவதும், அவருடைய பழைய ஸ்கேனோடு ஒப்பிடுவதும் புத்தக எண்ணோடு ஒப்பிடுவதைவிடப் பயன் தரும்.

தடிப்பு விகிதத்தின் கணக்கு எளிது. விட்ட நிலையில் 2 மி.மீ., முழுமையாக இழுத்த நிலையில் 3 மி.மீ. என்றால் கூடியது 1 மி.மீ.; அதாவது 50 சதவீதம். 2 மி.மீ. 2.2 ஆக மட்டுமே கூடினால் 10 சதவீதம். முழு பலத்தோடு இழுத்தும் 20 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அந்தப் பக்கம் செயலிழந்திருக்கிறது என்று சொல்லும் வழக்கம் 1990களிலிருந்து இருக்கிறது. இந்த 20 சதவீதம் ஆழ்ந்த மூச்சுக்கானது. அமைதியான மூச்சில் நல்ல ஆரோக்கியமுள்ளவருக்கே 20க்குக் கீழே இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் நல்ல தசைக்குப் "பக்கவாதம்" என்று பெயர் சூட்டிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பங்களின் கலக்கத்தையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் அளப்பது மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு. புள்ளியை ஒரு மயிரிழை தள்ளி வைத்தால் விகிதம் பத்து சதவீதம் மாறிவிடும். அதனால் குறைந்தது மூன்று மூச்சுகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். புரோப் வைத்த இடத்தைத் தோலில் குறித்து வைத்தால் அடுத்த முறை அதே இடத்தில் அளக்கலாம்.

தடிமனையும் தடிப்பையும் சேர்த்துப் படித்தால் நோயின் வயதுகூடத் தெரியவரும். தடிமன் இயல்பாக இருந்து, இழுக்கும்போது தடிக்கவில்லை என்றால் நரம்பு அண்மையில்தான் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். தசை மெலிந்து, தடிக்கவும் இல்லை என்றால் பாதிப்பு நாட்பட்டது. மெலிந்திருந்தாலும் நன்றாகத் தடித்தால் அந்தத் தசை உயிரோட்டத்தோடு இருக்கிறது.

"மூக்கால் உறிஞ்சும்போது உதரவிதானம் எதிர்த்திசையில் போகிறது" என்றால்?

அந்தப் பக்கம் செயலிழந்திருக்கிறது என்பதற்கு வலுவான சான்று. நல்ல பக்கம் கீழே இறங்கும்போது மார்பினுள் அழுத்தம் குறைய, உழைக்காத பக்கம் மேலே இழுக்கப்படுகிறது. முன்பு இதை ஃபுளூரோஸ்கோப்பி என்ற எக்ஸ்ரே முறையில்தான் பார்த்தார்கள். இப்போது கதிர்வீச்சு இல்லாமல் பார்க்க முடிகிறது. நுட்பமான ஒரு பொறி இங்கே உண்டு: இருபக்கமும் பலவீனமான நோயாளி வயிற்றுத் தசைகளை இறுக்கி உதரவிதானத்தை மேலே தள்ளிவிட்டு, பிறகு தளர்த்துவார். தளரும்போது அது தானாகக் கீழே இறங்கும். அசைவு இயல்பாகத் தோன்றும். அசைவை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், தடிப்பைப் பார்த்தால் ஏமாற மாட்டோம்.

இடப்பக்கம் "தெளிவாகத் தெரியவில்லை" என்று எழுதிவிட்டார்கள். ஸ்கேன் எடுத்தவரின் குறையா?

பெரும்பாலும் இல்லை. மண்ணீரல் சிறியது, இரைப்பையிலும் பெருங்குடலிலும் உள்ள காற்று ஒலியலையைத் தடுத்துவிடும். ஆழ்ந்த மூச்சில் நுரையீரல் இறங்கி வந்தும் மறைக்கும். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுவது நேர்மை. ஆனால் பக்கவாட்டில் விலா எலும்புகளுக்கு இடையே பார்த்தால் இடப்பக்கத் தடிமனைப் பெரும்பாலானோருக்கு அளந்துவிட முடியும். அதைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

அப்பா பத்து நாட்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். நுரையீரல் தேறிவிட்டது, ஆனால் குழாயை எடுக்க முடியவில்லை என்கிறார்கள். உதரவிதான ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார்கள். எதற்காக?

எந்தத் தசையும் உழைக்காவிட்டால் மெலியும். உதரவிதானம் வியக்கத்தக்க வேகத்தில் மெலிகிறது. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்த 14 பேரின் உதரவிதானத்தை ஆராய்ந்தார்கள். 18 முதல் 69 மணி நேரம் மட்டுமே வென்டிலேட்டரில், தசை முழு ஓய்வில் இருந்தவர்கள் அவர்கள். தசை நார்களின் பருமன் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. மூன்று நாட்களுக்குள்!

அதே நேரம், வென்டிலேட்டரின் உதவி போதாமல் நோயாளி அளவுக்கு மீறி இழுத்துப் போராடினாலும் தசை காயப்படும். டொராண்டோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், முதல் சில நாட்களில் தடிப்பு விகிதம் 15 முதல் 30 சதவீதத்துக்குள், அதாவது ஆரோக்கியமானவர் ஓய்வாக மூச்சு விடும் அளவில், இருந்தவர்களே விரைவில் வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார்கள். ஆகவே தசைக்கு எவ்வளவு வேலை கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க ஸ்கேன் உதவுகிறது. தூக்க மருந்தைக் குறைப்பதா, வென்டிலேட்டர் உதவியைக் குறைப்பதா, இன்னும் சில நாள் பொறுப்பதா என்ற கேள்விகளுக்கு இது ஒரு வழிகாட்டி. தசை மெலிந்திருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் அப்பா முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவருக்குத் தேவைப்படுவது சத்தான உணவும், படிப்படியான பயிற்சியும், காலமும்.

தடிப்பு விகிதம் 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குழாயை எடுத்துவிடலாமா?

2014இல் வந்த ஓர் ஆய்வு 30 சதவீதத்தை எல்லைக்கோடாகக் காட்டியது, அது பரவலாகிவிட்டது. நல்ல குறிப்புதான், தீர்ப்பு கிடையாது. இருமல் வலுவாக இருக்கிறதா, சளி எவ்வளவு, இதயம் தாங்குமா, நினைவு தெளிவாக இருக்கிறதா என்பவை எல்லாம் சேர்ந்துதான் முடிவு. அசைவை அளக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். வென்டிலேட்டர் உள்ளே தள்ளும் காற்றே உதரவிதானத்தைக் கீழே இறக்கிவிடும். உயிரற்ற தசைகூட அழகாக அசைவது போலத் தெரியும். நோயாளி தன் சொந்த மூச்சில் இருக்கும்போது, அல்லது மிகக் குறைந்த உதவியில் இருக்கும்போது எடுத்த அசைவு அளவுக்கு மட்டுமே மதிப்பு உண்டு.

உதரவிதானத்தைத் தவிர வேறு தசைகளையும் பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். மார்பெலும்பின் ஓரத்தில், இரண்டாவது மூன்றாவது விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசை அமைதியான மூச்சில் ஏறக்குறைய தடிப்பதே இல்லை. அது பத்து சதவீதம் தடிக்கத் தொடங்கினால் உதரவிதானம் தன் சுமையை அதன் தலையில் ஏற்றுகிறது என்று பொருள். வென்டிலேட்டர் உதவியைக் குறைக்கும்போது இதைக் கவனிப்பது மிகப் பயனுள்ளது. வயிற்றுச் சுவரிலுள்ள தசை அடுக்குகள் இருமும்போது எவ்வளவு தடிக்கின்றன என்று பார்த்தால் சளியை வெளியேற்றும் வலிமை தெரியும். உதரவிதானம் நன்றாக இருந்தும், இருமத் தெம்பில்லாமல் மறுபடி குழாய் போட வேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு சி.ஓ.பி.டி. (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருக்கிறது. எனக்கும் இது தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. அந்த நோயில் நுரையீரலில் காற்று சிக்கி உப்புவதால் உதரவிதானம் தட்டையாகி, இறங்க இடமின்றி அசைவு குறைகிறது. தசையின் பலவீனத்தைவிட அது இருக்கும் நிலையே சிக்கல். நுரையீரல் சோதனைகள் காட்டுவதைவிட அதிகமாக மூச்சு வாங்கினால் எடுத்துப் பார்க்கலாம்.

பிறந்த குழந்தைக்கு எடுக்கச் சொல்கிறார்கள். ஏன்?

பிரசவத்தில் தோள் சிக்கி, கையின் நரம்புகள் இழுபட்ட குழந்தைக்கு ஃபிரெனிக் நரம்பும் இழுபட்டிருக்கலாம். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் வென்டிலேட்டரிலிருந்து விடுபட முடியாத குழந்தைக்கும் இதையே முதலில் சந்தேகிக்கிறோம். பெரியவர்கள் ஒரு பக்க உதரவிதானத்தை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். குழந்தையின் விலா எலும்புகள் மென்மையானவை, எப்போதும் படுத்தே இருப்பதால் அதற்கு அந்த வசதி இல்லை. தொட்டிலிலேயே, தூங்கும்போதே எடுத்துவிடலாம்.

விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 97 காட்டுகிறது. அப்படியென்றால் பயமில்லை அல்லவா?

இந்தக் கேள்விக்கான பதிலை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நுரையீரல் நோயில் ஆக்சிஜன் முதலில் குறையும். தசை நோயில் கரியமில வாயு முதலில் தேங்கும். ஆக்சிஜன் அளவு குறையும்போது நோயாளி ஏற்கெனவே விளிம்புக்கு வந்திருப்பார். அதிலும் மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டியிருந்தால் 97, 98 என்று காட்டிக்கொண்டே இருக்க, உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும்.

கில்லன்-பாரே, மயஸ்தீனியா, பாம்புக்கடி, பூச்சிக்கொல்லி நஞ்சு ஆகியவற்றில் கவனிக்க வேண்டியவை வேறு. ஒரு மூச்சை முழுதாக இழுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் இருபதைத் தாண்ட முடியாமல் போவது, நேற்று முப்பது எண்ணியவர் இன்று பதினைந்தில் நிற்பது, வாக்கியத்தை முடிக்க முடியாமல் திக்குவது, தலையைத் தூக்க முடியாமல் போவது: இவற்றில் எது வந்தாலும் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். மெல்ல வளரும் தசை நோய்களில் காலைத் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், இரவில் அடிக்கடி விழிப்பு ஆகியவை கரியமில வாயு தேங்குவதன் அடையாளங்கள்.

இந்த ஸ்கேன் எடுத்துவிட்டால் மற்ற சோதனைகள் வேண்டாமா?

வேண்டும். ஸ்கேன் தசை அசைவதையும் தடிப்பதையும் காட்டும். எவ்வளவு வலிமையோடு இழுக்கிறது என்பதை நேரடியாகக் காட்டாது. உட்கார்ந்தும் படுத்தும் ஸ்பைரோமெட்ரி (கருவியில் ஊதி மூச்சை அளக்கும் சோதனை) செய்து, படுக்கும்போது மூச்சின் கொள்ளளவு 30 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைந்தால் இருபக்கப் பலவீனம் வலுவாக உறுதியாகிறது. ஆரோக்கியமானவருக்கு இது 10 சதவீதத்துக்குள் இருக்கும். செலவு குறைந்த இந்தச் சோதனையை ஏன் இவ்வளவு குறைவாகச் செய்கிறோம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. வாயிலும் மூக்கிலும் உறிஞ்சும் அழுத்தத்தை அளப்பது, கரியமில வாயுவுக்கான ரத்தச் சோதனை, நரம்பு மின்சோதனை ஆகியவை தேவைக்கேற்பச் சேரும். உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் சிறு பலூன்களை இறக்கி அழுத்தம் அளப்பதே வலிமையைக் கணிப்பதில் மிகத் துல்லியமானது. ஆனால் அதை எல்லா இடங்களிலும் செய்வதில்லை.

நோயாளியை நகர்த்த முடியாது. வீட்டுக்கு வந்து ஸ்கேன் எடுப்பார்களா?

இந்தியாவில் அது எளிதில்லை. பெண் கருக்கொலையைத் தடுக்க 1994இல் வந்த கருப்பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும். எடுத்துச் செல்லக்கூடிய கருவியைப் பதிவு பெற்ற இடத்துக்குள் உள்நோயாளிகளுக்கும், நடமாடும் மருத்துவ ஊர்தியின் பகுதியாகவும் மட்டுமே பயன்படுத்த விதிகள் அனுமதிக்கின்றன. சட்டத்தின் நோக்கத்தை மனதார ஆதரிக்கிறேன். மார்பு நோய், தீவிர சிகிச்சை மருத்துவர்கள் படுக்கையருகே இந்தக் கருவியைப் பயன்படுத்துவது தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். நுரையீரல் சிறப்பு மருத்துவர், தீவிர சிகிச்சை மருத்துவர், கதிரியக்க மருத்துவர், நரம்பியல் மருத்துவர் ஆகியோரில் பயிற்சி பெற்ற எவரும் இதைச் செய்யலாம். முன்பதிவு செய்யும்போது "வயிற்று ஸ்கேன்" என்று சொல்லாமல் "உதரவிதானத்தின் அசைவும் தடிமனும்" என்று கேளுங்கள்.

பலவீனம் உறுதியானால் சிகிச்சை உண்டா?

காரணத்தைப் பொறுத்தது. மயஸ்தீனியாவுக்கும் கில்லன்-பாரேவுக்கும் பயனுள்ள மருந்துகளும் ரத்தச் சுத்திகரிப்பும் உள்ளன. காயப்பட்ட நரம்பு மிக மெல்ல, நாளுக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. வீதம் வளர்கிறது. எனவே மாதங்கள் ஆகலாம், ஓராண்டைத் தாண்டியும் போகலாம். அதுவரை இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தந்து மூச்சுக்கு உதவும் பைபாப் கருவி, தலைப்பக்கம் உயர்த்திய படுக்கை, மருத்துவர் மேற்பார்வையில் மூச்சுத் தசைப் பயிற்சி. ஓராண்டு காத்தும் திரும்பாமல், நடக்கவே மூச்சு வாங்கினால், தொளதொளத்த ஒரு பக்க உதரவிதானத்தை மடித்துத் தைத்து இறுக்கும் அறுவை சிகிச்சை உதவும். குழந்தைகளுக்கு அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

மோட்டார் நியூரான் நோயைப் போலக் குணப்படுத்த முடியாதவற்றிலும் பைபாப் தொடங்க வேண்டிய நேரத்தில் தொடங்கினால் தூக்கமும் பகல்பொழுதும் மேம்படும், ஆயுளும் நீளும். "கடைசிக் கட்டத்தில் வைக்கும் கருவி" என்ற அச்சத்தில் பல குடும்பங்கள் இதைத் தள்ளிப்போடுகின்றன. முன்னதாகத் தொடங்கினால்தான் நோயாளி அதற்குப் பழகுவார்.

பிராணாயாமம் செய்யலாமா?

மெதுவாக, வசதியாக இருக்கும் அளவு மூச்சுப் பயிற்சி செய்யலாம். மூச்சை நெடுநேரம் அடக்குவதும் வேகமாக வயிற்றை உதறும் கபாலபாதியும் பலவீனமான தசையைச் சோர்வடையச் செய்யும்; அவை வேண்டாம். நரம்பு அறுந்திருந்தால் எந்தப் பயிற்சியாலும் அது ஒட்டாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த ஸ்கேனைக் கற்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஆரோக்கியமான நண்பர்களிடமிருந்து. வலப்பக்க அசைவை முதலில் பழகுங்கள். கல்லீரல் இருப்பதால் எளிது. பிறகு பக்கவாட்டுத் தடிமன், கடைசியில் இடப்பக்கம். இருபது முப்பது இயல்பான உதரவிதானங்களைக் கண் பழகிய பிறகே நோயாளியின் அளவை எழுதத் தொடங்குங்கள். எழுதும்போது ஐந்து விவரங்கள் விடுபடக் கூடாது: நோயாளி உட்கார்ந்திருந்தாரா படுத்திருந்தாரா, சொந்த மூச்சா வென்டிலேட்டர் உதவியா, அமைதியான மூச்சா ஆழ்ந்த மூச்சா, எத்தனை மூச்சுகளின் சராசரி, இரண்டு பக்கமும் பார்க்கப்பட்டதா. மறுவாரம் வேறொருவர் அதே நோயாளியை அளக்கும்போது இந்த ஐந்தும் இருந்தால்தான் கூடியதா குறைந்ததா என்று அவரால் சொல்ல முடியும்.